சர்வே போட்டா காசு, விளம்பரம் பார்த்தா காசு... கொடுப்பது யார்? சேருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கோவை:

மில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் செல்போனில் ஒரு மெசேஜ். அனுப்பியது முன்பின் தெரியாத ஆள் இல்லை. பக்கத்து லைன் வீட்டு அக்கா. இல்லையென்றால் கூட வேலை பார்க்கிறவர். சில சமயம் சொந்த மச்சான்.

"அக்கா, சும்மா இருக்கற நேரத்துல போன பாத்தா போதுங்க. சர்வே போடுங்க, விளம்பரம் பாருங்க, டெய்லி காசு. எனக்கு போன வாரம் அக்கவுண்டுல ஏறிடுச்சுங்க. நீங்களும் சேருங்க. உங்களுக்கு கீழ நாலு பேர சேத்து விட்டா அதுக்கும் கமிஷன் இருக்குங்க."

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த பேச்சை கேட்காதவர்கள் குறைவு. நம்பி சேர்ந்து நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. மகளிர் குழுவில் லோன் வாங்கி கட்டியவர்கள் உண்டு. காசு போனதோடு நிற்காமல், சேர்த்து விட்டவருக்கும் சேர்ந்தவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகளும் உண்டு.

அப்படியானால் ஆன்லைனில் காசு சம்பாதிப்பது எல்லாமே டுபாக்கூரா? அதுவும் இல்லை. சர்வேக்கு பணம் கொடுக்கும் கம்பெனிகள் நிஜமாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் வருமானம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 'அபிலியேட்' என்று சொல்லும் கமிஷன் வியாபாரமும் சட்டப்படி நடக்கிற தொழில்தான்.

நல்லது எது, மோசடி எது என்று பிரித்துப் பார்க்க கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. ஒரே ஒரு கேள்வி போதும். எனக்கு வரப்போகும் காசு யார் பாக்கெட்டில் இருந்து வருகிறது?

நிஜ சர்வே எப்படி நடக்கிறது?

ஒரு சோப்பு கம்பெனி புது சோப்பு விடப்போகிறது என்று வைத்துக் கொள்வோம். மக்களுக்கு எந்த வாசனை பிடிக்கும், என்ன விலை வைத்தால் வாங்குவார்கள் என்று அந்த கம்பெனிக்கு தெரிய வேண்டும். முன்பெல்லாம் பேப்பரும் பேனாவுமாக ஆட்கள் வீடு வீடாக வந்து கேட்டார்கள். இப்போது அதே வேலை செல்போனில் நடக்கிறது.

சோப்பு கம்பெனி ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு பணம் கொடுக்கும். ஆய்வு நிறுவனம் கேள்விகளுக்கு பதில் சொல்பவருக்கு அதில் சிறிய பங்கை கொடுக்கும். காசு கிளம்பும் இடம் சோப்பு கம்பெனி. பதில் சொல்பவர் ஒரு பைசா கட்டத் தேவையில்லை.

ஆனால் கிடைப்பது எவ்வளவு? பத்து, பதினைந்து நிமிடம் செலவழித்து பதில் சொன்னால் சில ரூபாய், மிஞ்சிப் போனால் சில பத்து ரூபாய். அதையும் பல நிறுவனங்கள் ரொக்கமாக கொடுக்காது. பாயிண்டாக ஏறும். ஒரு அளவு சேர்ந்த பிறகு கிப்ட் கூப்பனாக மாற்றிக் கொள்ளலாம். கூகுள் நிறுவனம் நடத்தும் சர்வே ஆப்பில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு கிடைக்கும் தொகையை அந்த நிறுவனத்தின் பிளே ஸ்டோரில்தான் செலவழிக்க முடியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லா சர்வேயும் எல்லாருக்கும் கிடையாது. முதல் மூன்று, நான்கு கேள்வியில் வயது, ஊர், வருமானம், வீட்டில் கார் உண்டா என்று கேட்பார்கள். கம்பெனி தேடும் ஆள் நாம் இல்லை என்றால் "நன்றி, வணக்கம்" என்று அத்தோடு முடித்து விடுவார்கள். சர்வேயில் பாதி இங்கிலீஷில் இருக்கும். டீ செலவுக்கு ஆகுமே தவிர வீட்டு வாடகைக்கு ஆகாது. நிஜ சர்வே கம்பெனி எதுவும் "மாதம் 20 ஆயிரம் நிச்சயம்" என்று சொல்லாது.

அபிலியேட் என்றால் நம்ம ஊர் கமிஷன்தான்

அபிலியேட் என்ற வார்த்தையை கேட்டு மிரள வேண்டாம். ஊட்டிக்கு பஸ்சில் வந்து இறங்கும் டூரிஸ்டை டிரைவர் ஒரு லாட்ஜுக்கு கூட்டிப் போகிறார். ரூம் போட்டால் லாட்ஜ்காரர் டிரைவருக்கு கமிஷன் கொடுக்கிறார். ரூம் போடாமல் திரும்பினால் கமிஷன் இல்லை. அதேதான் இதுவும்.

அமேசான் நிறுவனம் இந்த முறையை 1996-ம் ஆண்டிலேயே தொடங்கி விட்டது. சேருபவருக்கு தனி கோடு நம்பருடன் ஒரு லிங்க் கிடைக்கும். அந்த லிங்க்கை அவர் நண்பர்களுக்கு அனுப்பலாம், யூ டியூப்பில் போடலாம். யாராவது அதை தட்டி உள்ளே போய் பொருள் வாங்கினால், கோடு நம்பரை வைத்து யார் அனுப்பிய ஆள் என்று கம்பெனி கண்டுபிடித்து விடும். விற்ற விலையில் சில சதவீதம் கமிஷன். பொருளுக்கு பொருள் சதவீதம் மாறும்.

இதிலும் நிபந்தனைகள் உண்டு. லிங்க்கை தட்டிய பிறகு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பொருளை தேர்வு செய்தால்தான் கணக்கில் வரும். தன் லிங்க்கில் தானே வாங்கிக் கொண்டால் கமிஷன் கிடையாது. வாங்கியவர் பொருளை திருப்பி அனுப்பி விட்டால் கமிஷனும் போச்சு.

சர்வே கம்பெனிகளும் இப்படி கமிஷன் கொடுப்பது உண்டு. புதிதாக ஒருவரை உறுப்பினராக சேர்த்து விட்டால், அவர் ஒழுங்காக பதிவு செய்து சர்வேயில் கலந்து கொண்டால், சேர்த்து விட்டவருக்கு ஒரு சிறு தொகை வரும். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த தொகை கம்பெனியின் விளம்பர செலவில் இருந்து வந்தால் தப்பில்லை. புதிதாக சேர்ந்தவர் கட்டிய கட்டணத்தில் இருந்து பிய்த்து கொடுத்தால் அது சங்கிலி மோசடி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் இருக்கும் கோடு இதுதான்.

காசு போட்டு விளம்பரம் செய்தால்?

"லிங்க்கை பேஸ்புக், கூகுளில் விளம்பரமா போடுங்க, தூங்கும்போதும் காசு வரும்" என்று சொல்லித் தரும் கோர்ஸ்கள் இப்போது ஏராளம். கணக்கை போட்டுப் பார்த்தால்தான் சங்கதி புரியும்.

உதாரணத்துக்கு, 1,000 ரூபாய் கட்டி விளம்பரம் போடுகிறார் ஒருவர். ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் பிடிக்கிறார்கள். அப்படியானால் 200 பேர் லிங்க்கை தட்டுவார்கள். தட்டிய எல்லாரும் வாங்க மாட்டார்கள். நூற்றுக்கு ஒருவர் வீதம் 2 பேர் வாங்குவதாக வைத்துக் கொள்வோம்.

வாங்கியது 3,000 ரூபாய் மிக்சி. கமிஷன் 5 சதவீதம் என்றால் ஒரு மிக்சிக்கு 150 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய். போட்டது 1,000, வந்தது 300. கையை விட்டு போனது 700 ரூபாய்.

போட்ட காசை எடுக்கவே 200 பேரில் 7 பேர் மிக்சி வாங்க வேண்டும். அதில் ஒருவர் திருப்பி அனுப்பினாலும் நஷ்டம்தான். இந்த தொழிலில் ஜெயிப்பவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் மாதக்கணக்கில் நஷ்டப்பட்டு, எந்த விளம்பரம் யாரிடம் எடுபடும் என்று கற்றுக் கொண்டவர்கள். கடன் வாங்கி இறங்க வேண்டிய தொழில் இது இல்லை.

கோர்ஸ் விற்பவர்களில் சிலரின் வருமானமே வேறு. கோர்ஸை வாங்கியவர் அதே கோர்ஸை இன்னொருவருக்கு விற்றால் கமிஷன் என்பார்கள். மிக்சியும் இல்லை, குக்கரும் இல்லை. விற்பனைக்கு இருக்கும் ஒரே சரக்கு அந்த கோர்ஸ்தான். கடைசியாக வாங்கியவர் யாரிடம் விற்பார்?

விளம்பரம் பார்த்தா காசு... இதில் என்ன இடிக்கிறது?

ஜவுளிக்கடைக்காரர் எதற்கு விளம்பரம் கொடுக்கிறார்? சேலை வாங்க ஆசை உள்ளவர் கடைக்கு வர வேண்டும் என்றுதான். காசு கிடைக்கும் என்பதற்காக மட்டும் விளம்பரத்தை பார்ப்பவர் சேலை வாங்குவாரா? மாட்டார். அவருக்கு எதற்கு ஜவுளிக்கடைக்காரர் தினமும் நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுக்க வேண்டும்?

கூகுள் நிறுவனம் இணையதளம், யூ டியூப் சேனல் நடத்துபவர்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கிறது. அந்த நிறுவனத்தின் விதியே என்ன தெரியுமா? சேனல் நடத்துபவர் தன் விளம்பரத்தை தானே கிளிக் செய்யக் கூடாது. காசு கொடுத்து ஆள் வைத்தும் கிளிக் செய்யக் கூடாது. கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கி விடுவார்கள். அப்படி கிடைக்கும் கிளிக் விளம்பரம் கொடுத்தவருக்கு நஷ்டம் என்பதால்தான் இந்த கெடுபிடி.

யூ டியூப்பில் விளம்பர வருமானம் கிடைப்பதும் லேசு இல்லை. சேனலுக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு ஓராண்டில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது ஷார்ட்ஸ் வீடியோக்கள் 90 நாளில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நிஜ விளம்பர கம்பெனி இவ்வளவு கேட்கும்போது, சும்மா பார்த்தாலே தினமும் நூற்றுக்கணக்கில் தருகிறோம் என்றால் அந்த காசு விளம்பரதாரரிடம் இருந்து வர வழியில்லை. வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

நாட்டையே உலுக்கிய வழக்குகள்

எங்கிருந்து வந்தது என்பதை பழைய வழக்குகள் சொல்கின்றன.

2010, 2011-ம் ஆண்டுகளில் 'ஸ்பீக் ஏசியா' என்ற பெயர் நாடு முழுக்க அடிபட்டது. சிங்கப்பூரை தலைமையிடமாக காட்டிய நிறுவனம் அது. 11 ஆயிரம் ரூபாய் கட்டி சேர வேண்டும். வாரத்துக்கு 2 சர்வே வரும். ஒன்றுக்கு 500 ரூபாய். அதாவது வாரம் 1,000 ரூபாய். 11 வாரத்தில் போட்டது கைக்கு வந்து விடும், அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம் என்று கணக்கு சொன்னார்கள். ஆள் சேர்த்தால் தனி கமிஷன். லட்சக்கணக்கானோர் சேர்ந்தனர்.

யாருக்காக இந்த சர்வே என்ற கேள்வி எழுந்தபோது, வாடிக்கையாளர் என்று சொல்லப்பட்ட பெரிய கம்பெனிகள் "எங்களுக்கு சம்பந்தம் இல்லை" என்று கைவிரித்தன. 2011-ல் பணம் பட்டுவாடா நின்றது. மும்பை பொருளாதார குற்றப்பிரிவு போலீசார் களத்தில் இறங்கினர். 2 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூல் நடந்ததாக விசாரணையில் தெரிய வந்தது.

அடுத்தது 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் உத்தரபிரதேச மாநிலம் நொய்டாவில் வெடித்த விவகாரம். 'சோஷியல் டிரேட்' என்ற பெயரில் நடந்த அந்த திட்டத்தில் 5,750 ரூபாயில் இருந்து 57,500 ரூபாய் வரை கட்டலாம். தினமும் அனுப்பப்படும் லிங்க்கை கிளிக் செய்தால் ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய். சுமார் 6½ லட்சம் பேரிடம் 3,700 கோடி ரூபாய் அளவுக்கு வசூலிக்கப்பட்டதாக அம்மாநில சிறப்பு அதிரடிப்படை போலீசார் அறிவித்தனர். நடத்தியவர்கள் கைது செய்யப்பட்டனர். புதிதாக வந்தவர் கட்டிய பணத்தைத்தான் பழையவருக்கு கிளிக் காசு என்று கொடுத்தார்கள் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு.

இது நம் நாட்டு சமாசாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் விளம்பர பக்கங்களை பார்த்தால் பணம் என்று சொல்லி வசூலித்த 'ஆட் சர்ப் டெய்லி' நிறுவனத்தின் பணத்தை 2008-ம் ஆண்டு அந்நாட்டு அதிகாரிகள் முடக்கினர். நடத்தியவருக்கு 2012-ல் 6½ ஆண்டு சிறை தண்டனை விதிக்கப்பட்டது.

கோவையை எடுத்துக் கொண்டால் 'மைவி3 ஆட்ஸ்' விவகாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செல்போனில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்ற இந்த திட்டத்தில் 360 ரூபாயில் இருந்து 1 லட்சத்து 21 ஆயிரம் ரூபாய் வரை பல படிகளில் உறுப்பினர் கட்டணம் இருந்தது. கட்டிய தொகைக்கு ஏற்ப தினமும் 5 ரூபாயில் இருந்து 1,800 ரூபாய் வரை வருமானம் என்று சொல்லப்பட்டது. 2024 ஜனவரியில் கோவை போலீசார் வழக்கு பதிவு செய்தனர். கட்டிய பணத்துக்கு பொருட்கள் கொடுக்கிறோம், மோசடி எதுவும் இல்லை என்று நிறுவனம் தரப்பில் மறுப்பு சொல்லப்பட்டது.

ஏமாற்றம் என்றால் ஆதரவு கூட்டம் எப்படி வந்தது?

2024 ஜனவரி 29-ந் தேதி கோவை நீலாம்பூர் பைபாஸ் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். எதற்கு? கம்பெனி மீது புகார் கொடுக்க இல்லை. கம்பெனிக்கு ஆதரவு தெரிவிக்க. "எங்களுக்கு பணம் ஒழுங்கா வருது, கம்பெனியை ஏன் தொந்தரவு பண்றீங்க?" என்பது அவர்கள் வாதம்.

பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டனர். ஆனால் இது புதுசு இல்லை. 2011-லும் ஸ்பீக் ஏசியா உறுப்பினர்கள் ஒன்று சேர்ந்து, தங்களுக்கு வர வேண்டிய பணம் வர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள்.

காரணம் சாதாரணமானது. ஆள் சேர்ந்து கொண்டே இருக்கும் வரை இந்த மாதிரி திட்டங்களில் முன்னால் சேர்ந்தவருக்கு காசு வரத்தான் செய்யும். பத்து பேர் கட்டினால் ஒருவருக்கு கொடுப்பதில் என்ன கஷ்டம்? வாங்கியவர் பொய் சொல்லவில்லை. அவர் பாஸ்புக்கில் காசு ஏறியது நிஜம். அதை காட்டித்தான் அக்காவையும் மச்சானையும் சேர்க்கிறார். அவருக்கு வந்தது அடுத்தவர் கட்டிய காசு என்பது மட்டும்தான் அவருக்கு தெரியாது.

சரி, ஆள் சேர்ந்து கொண்டே இருக்க முடியுமா? ஒருவர் 10 பேரை சேர்க்கிறார். அந்த 10 பேரும் ஆளுக்கு 10 பேர் என்றால் 100. அடுத்து 1,000. அதற்கடுத்து 10 ஆயிரம், 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி. எட்டாவது படிக்கு 10 கோடி பேர் வேண்டும். 2011-ம் ஆண்டு மக்கள் தொகை கணக்குப்படி தமிழ்நாட்டில் இருந்ததே 7 கோடியே 21 லட்சம் பேர்தான். கைக்குழந்தையை கூட விடாமல் சேர்த்தாலும் ஆள் பத்தாது. ஆள் வரத்து நிற்கும் அன்று காசும் நிற்கும். கடைசி படியில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் மொத்தமாக தலையில் துண்டு போட வேண்டியதுதான்.

புது வேஷம்: டெலிகிராம் டாஸ்க்

இப்போது இதே கதை வேறு உருவத்தில் வருகிறது. வாட்ஸ்அப்பில் "பகுதி நேர வேலை" என்று மெசேஜ். யூ டியூப் வீடியோவுக்கு லைக், ஓட்டலுக்கு ஸ்டார் கொடுத்தால் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று லைக் போட்டதும் 150 ரூபாய் உடனே அக்கவுண்டில் ஏறும். இது தூண்டில் புழு.

அப்புறம் டெலிகிராம் குரூப்பில் சேர்ப்பார்கள். "1,000 ரூபாய் கட்டுங்க, 1,300 ஆக தருவோம்" என்பார்கள். அதுவும் வரும். அடுத்து 5 ஆயிரம், 30 ஆயிரம், 1 லட்சம். ஆப்பில் பார்த்தால் நம் கணக்கில் லட்சக்கணக்கில் காசு இருப்பது போல காட்டும். எடுக்கப் போனால் "வரி கட்டுங்க", "கணக்கை திறக்க பீஸ் கட்டுங்க" என்று மேலும் கறப்பார்கள். குரூப்பில் "எனக்கு காசு வந்துடுச்சு" என்று போட்டோ போடும் ஆட்கள் அவர்களுடைய ஆட்களே.

இத்தகைய வேலை, முதலீட்டு மோசடிக்கு பயன்பட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய உள்துறை அமைச்சகம் 2023 டிசம்பரில் முடக்கியது. ஒன்றை மூடினால் இன்னொன்று முளைக்கிறது.

இதில் பலருக்கு தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. முதலில் வரும் அந்த 150 ரூபாய் பெரும்பாலும் வேறு ஒருவர் ஏமாந்த பணம். அவர் புகார் கொடுத்தால், பணம் போன வழியை பிடித்துக் கொண்டு போலீசார் வருவார்கள். சம்பளம் ஏறும் நம் வங்கி கணக்கும் முடங்கலாம். "உங்க அக்கவுண்டை வாடகைக்கு கொடுங்க, கமிஷன் தர்றோம்" என்று கேட்பவர்களிடம் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டை கொடுத்தால் வழக்கில் குற்றவாளியாகவே நிற்க நேரிடும்.

சேர்த்து விட்டவருக்கும் சிக்கல்

"நான் ஏமாத்தலைங்க, நானும் நம்பித்தான் சேர்த்து விட்டேன்" என்று சொல்லி தப்பிக்க முடியாது. பரிசு சீட்டு மற்றும் பண சுழற்சி திட்டங்கள் தடை சட்டம் 1978-ம் ஆண்டில் இருந்தே இருக்கிறது. பண சுழற்சி திட்டம் நடத்துவது மட்டும் இல்லை, அதில் உறுப்பினராக ஆள் சேர்ப்பதும் அந்த சட்டப்படி குற்றம்.

முதலீட்டாளர்களை பாதுகாக்க தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டு தனி சட்டம் வந்தது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை தடை செய்யும் மத்திய சட்டம் 2019-ல் வந்தது. நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு 2021-ல் வந்த விதிகளின்படி, சேருவதற்கு நுழைவு கட்டணம் வாங்கக் கூடாது. பிரமிடு முறையில் ஆள் சேர்ப்பு நடத்தக் கூடாது. மளிகை பொருள், மூலிகை மாத்திரை கொடுக்கிறோம் என்று சொல்லும் திட்டங்களில் சேரும் முன் இதை ஞாபகம் வைத்துக் கொள்வது நல்லது.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

* சேர காசு கேட்கிறார்களா? பதிவு கட்டணம், டிரெய்னிங் கட்டணம், டெபாசிட் என்று எந்த பெயரில் கேட்டாலும் வேண்டாம். வேலை கொடுப்பவர்தான் காசு கொடுக்க வேண்டும்.

* யாருக்காக இந்த சர்வே? எந்த கடை விளம்பரம்? பெயர் சொன்னால் அந்த கம்பெனிக்கே போன் போட்டு கேட்கலாம்.

* நாளைக்கு புதிதாக ஒரு ஆள் கூட சேரவில்லை என்றால் எனக்கு காசு வருமா? இதற்கு நேரடி பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்து விடலாம்.

* வேலையை விட ஆள் சேர்ப்பில் அதிக காசு என்றால் அது சங்கிலிதான்.

* உண்மையான கமிஷன் கம்பெனிகள் வரி பிடித்தத்துக்காக பான் நம்பரும், பணம் போட வங்கி கணக்கு எண்ணும் கேட்கும். ஓ.டி.பி., ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின் கேட்காது. காசு வாங்குவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை.

* ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பொதுமக்களிடம் பணம் வாங்க அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்க்கலாம். அங்கேயே புகாரும் கொடுக்கலாம். கம்பெனி பதிவு சான்றிதழை சுவரில் மாட்டி இருப்பதை பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். கம்பெனி பதிவு செய்வது வேறு, மக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி என்பது வேறு.

காசு போய் விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். புருஷனுக்கு தெரிந்தால் திட்டுவார், மாமியார் குத்திக் காட்டுவார் என்று பயந்து இரண்டு, மூன்று நாள் தள்ளிப் போடுபவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் பணம் நான்கைந்து கணக்கு மாறி போய் விடும்.

காசு போனது தெரிந்த உடனே 1930 என்ற நம்பருக்கு போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் போய் சேர்ந்த கணக்கை முடக்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசு இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். தன் வங்கி கிளைக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

மெசேஜ்களை அழித்து விடக் கூடாது. பணம் அனுப்பிய ரசீது, எந்த நம்பரில் இருந்து பேசினார்கள், குரூப் பெயர், ஆப்பின் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் புகாருக்கு பலம். கம்பெனி வைத்து பலரிடம் வசூல் நடந்திருந்தால் பொருளாதார குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம்.

"போன காசை மீட்டு தர்றோம், முதல்ல 5 ஆயிரம் கட்டுங்க" என்று யாராவது போன் செய்தால் அதுவும் அதே கும்பலாக இருக்கலாம். நம்ப வேண்டாம்.

கோவையில் ஒரு நாள் ஷிப்ட் சம்பளம் எவ்வளவு, அதற்கு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று உழைப்பவருக்கு தெரியும். செல்போனை பார்த்துக் கொண்டிருந்தால் அதைவிட அதிகம் வரும் என்று யாராவது சொன்னால், அது அக்காவே ஆனாலும், மச்சானே ஆனாலும், கோபிக்காமல் ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

"காசு வர்றது சரிங்க. அது யார் காசுங்க?"